பீட்டர் செல்லர்ஸ் நடிகரா, மிமிக்ரிக்காரரா?

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸ் நடித்ததில் எது உச்சம், அவரை உண்மையிலேயே நல்ல நடிகர் என்று சொல்லலாமா, இல்லை விதவிதமாகக் குரல் மாற்றத் தெரிந்த மிமிக்ரிக்காரர் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். 'பிங்க் பேந்தர்' வரிசையில் இரண்டு படம் பார்த்ததாகவும், சிரிப்பு வந்தது ஆனால் நடிப்பு என்று எதுவும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று ரசனை சார்ந்தது, அதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். இன்னொன்று தொழில் சார்ந்தது: குரலை அச்சாகப் பிடிப்பதும் நடிப்பதும் எந்த இடத்தில் பிரிகின்றன? மேடை நடிகர்களுக்குக் குரல் பயிற்சி கொடுப்பது என் வேலை என்பதால் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லர்ஸ் பெரிய நடிகர், ஆனால் எல்லாப் படத்திலும் அல்ல. அவருடைய மிகச் சிறந்த நடிப்பு பெரும்பாலானவர்கள் சொல்லும் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'விலோ 'பீயிங் தேர்' படத்திலோ இல்லை, 1959-இல் வந்த 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்' படத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1925 செப்டம்பர் 8 அன்று இங்கிலாந்தின் சவுத்சீயில் பிறந்தவர். அப்பா அம்மா இருவருமே பாட்டும் நகைச்சுவையும் கலந்த வெரைட்டி மேடைக் கலைஞர்கள். முறையான நடிப்புப் பள்ளி எதிலும் படிக்கவில்லை. முதலில் டிரம் வாசித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 'கேங் ஷோ' கலைக்குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா என்று சுற்றினார். உயர் அதிகாரிகளின் பேச்சையும் மிடுக்கையும் அவர் கூர்ந்து பார்த்தது அந்தக் காலத்தில்தான். போர் முடிந்து வாய்ப்புக் கிடைக்காமல் அலைந்தபோது, பிபிசி தயாரிப்பாளர் ராய் ஸ்பியருக்கு ஃபோன் போட்டு, அன்றைய பிரபல வானொலிக் கலைஞர்களின் குரலில் தன்னைப் பற்றித் தானே சிபாரிசு செய்துகொண்டார். உண்மையைச் சொன்னபோது ஸ்பியர் கோபித்துக்கொண்டாலும் வாய்ப்புக் கொடுத்தார். இது 1948. மிமிக்ரிக்காரர் என்ற முத்திரைக்கு முதல் ஆதாரம் இந்தச் சம்பவம்தான். அந்த வயதில் அவர் அதுவாகத்தான் இருந்தார், அதை மறுக்க வேண்டியதில்லை.

மாற்றம் வந்தது 'த கூன் ஷோ' என்ற வானொலி நிகழ்ச்சியில். 1951-இல் வேறு பெயரில் தொடங்கி 1960 ஜனவரி வரை ஓடியது. எழுதியவர் பெரும்பாலும் ஸ்பைக் மில்லிகன், நம் அகமத்நகரில் பிறந்தவர். கூட நடித்தவர் ஹாரி சீகம்ப். செல்லர்ஸ் இதில் நிரந்தரமாகப் பல பாத்திரங்களைச் சுமந்தார்: கோழையும் ஊழல்காரருமான மேஜர் பிளட்நாக், கீச்சுக் குரல் சிறுவன் புளூபாட்டில், தள்ளாடும் கிழவர் ஹென்றி கிரன், வழவழவென்று பேசி ஏமாற்றும் கிரிட்பைப்-தைன். வானொலியில் முகம் உதவாது. ஒரு ஆள் வேறு ஆளாக வேண்டுமென்றால் அவரிடம் இருக்கும் கருவிகள் நான்கைந்துதான்: சுருதி, வேகம், மூச்சு எங்கே வாங்குவது, ஒலி தொண்டையிலிருந்தா மூக்கிலிருந்தா வருகிறது, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது. ஒரு பதிவைப் போட்டுக் கேளுங்கள். கிரிட்பைப்-தைன் பேசும்போது வாக்கியம் முடியும்வரை மூச்சு குறையவே குறையாது. பிறந்ததிலிருந்து யாரும் தன்னைக் குறுக்கே நிறுத்தியதில்லை என்ற தோரணை அது. கிரன் பேசும்போது ஒவ்வொரு மூன்று சொல்லுக்கும் மூச்சு தீர்ந்துபோகும், அடுத்த சொல் வருமா என்றே சந்தேகமாக இருக்கும். புளூபாட்டில் ஒருபடி மேலே: பிரதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளையும் சேர்த்து வாசித்துவிடுவான், கைதட்டலுக்காகக் காத்திருப்பான், வராவிட்டால் அவன் குரல் சுருங்கும். அந்தச் சுருக்கம் மிமிக்ரியில் கிடைக்காது. மிமிக்ரிக்காரருக்குக் குரல் எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்தால் போதும். நடிகருக்கு அந்தக் குரலுக்குரியவருக்கு இந்த நொடியில் என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான், இனி எல்லாப் படத்துக்கும் இதையே வைத்துப் பாருங்கள்.

அவர் வேலை செய்த முறையைப் பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். முதலில் குரல். அது பிடிபடும்வரை பாத்திரம் அவருக்குத் திறக்காது. பிறகு தோற்றம், மீசை, முடி, உடை. அதற்குப் பிறகு நடை. இந்த வரிசை பல நடிகர்களுக்கு நேர்மாறானது. பெரும்பாலும் மன நிலையிலிருந்து தொடங்கி வெளியே வரச் சொல்லித்தான் பயிற்சி கொடுக்கிறோம். வெளியிலிருந்து உள்ளே போகும் முறையில் ஒரு பலமும் ஒரு ஆபத்தும் உண்டு. பலம்: பேச்சு வழக்கில் ஒருவருடைய வர்க்கம், ஊர், படிப்பு, எதற்கு வெட்கப்படுகிறார் என்பதெல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கும், அதிலும் இங்கிலாந்தில். சரியான குரலைப் பிடித்தால் மற்றதெல்லாம் கூடவே வரும். ஆபத்து: குரலுக்குப் பின்னால் எழுத்தாளர் எதையும் வைக்காவிட்டால் வெறும் குரல்தான் மிஞ்சும். செல்லர்ஸின் நல்ல படங்களுக்கும் மோசமான படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும்.

1955-இல் 'த லேடிகில்லர்ஸ்' படத்தில் முரட்டு இளைஞனாகச் சிறு வேடம். அதன் பெரிய பலன், அதன் நாயக நடிகர் அலெக் கின்னஸ் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தது. ஒரே படத்தில் எட்டு வேடம் போட்டவர் கின்னஸ், ஒவ்வொன்றையும் மிகக் குறைந்த அசைவில் செய்தவர். 1957-இல் 'த ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்' படத்தில் செல்லர்ஸ் ஒரு பாழடைந்த தியேட்டரின் குடிகாரக் கிழட்டு ஆபரேட்டர். அப்போது அவருக்கு முப்பத்தொன்றோ இரண்டோதான் வயது. மேக்கப்பை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள், கிழவன் தெரிவான்.

இனி 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்'. ஜான் போல்டிங் இயக்கியது, 1959. ஒரு ஆயுதத் தொழிற்சாலை; நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஆளுக்கொரு பக்கம் சுரண்டுகிறார்கள். செல்லர்ஸ் அதில் சங்கப் பிரதிநிதி பிரெட் கைட். கதையின் நாயகன் அவர் இல்லை, இயன் கார்மைக்கேல்தான். ஆனாலும் படம் செல்லர்ஸ் கைக்குப் போய்விட்டது. அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் நடிகருக்கான பாஃப்டா விருது அவருக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் பிரதியைப் படித்துவிட்டு, இதில் சிரிப்பே இல்லையே என்று தயங்கினார் என்பார்கள். அது நடந்திருக்கக்கூடியதுதான், ஏனென்றால் பிரதியில் ஜோக் என்று தனியாக எதுவும் இல்லை. கைட் ஒருபோதும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. அவர் முழுக்க முழுக்க நம்பிப் பேசுகிறார்.

கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய முடி, சின்ன மீசை, உடம்பைப் பிடிக்கும் கோட்டு. நடை குறுகிய அடிகளாக, விறைப்பாக இருக்கும். பின்னால் சங்க உறுப்பினர்கள் வரிசையாக வருவார்கள். நிர்வாகத்தின் அறைக்குள் போனதும் குரல் ஒரு படி உயர்ந்து, சொற்கள் நீளமாகின்றன. படிக்காத மனிதர் படித்தவர்களுக்கு முன்னால் அறிக்கை மொழியில் பேசுகிறார். "திறமைக்குறைவு வேலைநீக்கத்துக்குக் காரணமாகலாம் என்ற கொள்கையை நாங்கள் ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது" என்கிற இடத்தில் ஒவ்வொரு அசையையும் தராசில் வைப்பதுபோல் சொல்வார். அதே மனிதர் வீட்டில், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த நாயகன் வாடகைக்கு வந்தவுடன், தானும் பேலியல் கல்லூரியில் ஒரு கோடைக்கால வகுப்புக்குப் போனதாகச் சொல்லி, அங்கே மாலைத் தேநீரோடு தரும் டோஸ்டும் ஜாமும் ரொம்ப நன்றாக இருக்கும் என்கிறார். அந்த வரியில் பெருமை, ஏக்கம், தாழ்வு மனப்பான்மை மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. வர்க்கப் போராட்டம் பேசுகிறவர் எதிரி வர்க்கத்தின் கல்லூரி டோஸ்டை இன்னும் மறக்கவில்லை. ரஷ்யாவைப் பற்றிச் சொல்லும்போது கண் எங்கோ போய்விடும்: கோதுமை வயல்களாம், மாலையானால் பாலே நடனமாம். செல்லர்ஸ் அதைக் கிண்டலாகச் சொல்வதே இல்லை. கைட்டுக்கு அது சொர்க்கம், அதைப் பார்க்கும் முகத்தோடுதான் சொல்கிறார். கடைசியில் மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போனபின், கவனிக்க ஆளில்லாத வீட்டில் கைட் தடுமாறும் காட்சியில் அதுவரை சிரித்த நமக்கே அவர்மேல் இரக்கம் வருகிறது. இவ்வளவும் ஒரு துணைப் பாத்திரத்தில். படம் தொழிற்சங்கங்களுக்கு எதிரானது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் கைட்டைக் கேலிச் சித்திரமாக நிறுத்தாமல் மனிதனாக்கியது செல்லர்ஸ்தான். அதே படத்தின் முன்னுரைக் காட்சியில் சர் ஜான் கென்னவே என்ற பழங்காலக் கனவானாகவும் அவரே வருகிறார்; பலருக்கு அது அவர் என்றே தெரியாது.

இதற்குப் பக்கத்தில் வைக்கத்தக்க அமைதியான படம் 1962-இன் 'ஒன்லி டூ கேன் ப்ளே'. வேல்ஸ் நகரம் ஒன்றின் நூலகராக, மனைவி குழந்தைகளோடு நெருக்கடியான வீட்டில் வாழும், வேறொரு பெண்ணிடம் சபலப்படும் மனிதர். மீசை வித்தை எதுவும் கிடையாது, ஒரு வேல்ஸ் உச்சரிப்பு மட்டும். மாறாக 1960-இன் 'நெவர் லெட் கோ' படத்தில் கார் திருட்டுக் கும்பலின் தலைவனாக, முழு வில்லனாக வந்தார். சிலர் இதை மறைந்து கிடக்கும் மாணிக்கம் என்பார்கள். எனக்கு அது பாதிதான் வெற்றி. கோபம் மேலேயே நிற்கிறது. எந்நேரமும் கத்துவதால் கத்தலுக்கு எடை போய்விடுகிறது. அவரால் கொடூரமாக இருக்க முடிகிறது, ஆனால் கொடூரத்தைத் தள்ளிவைத்து நம்மைக் காத்திருக்க வைக்க அப்போது தெரியவில்லை. அந்த வித்தையை அவரிடமிருந்து வெளியே கொண்டுவந்தவர் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்.

கூப்ரிக்கின் 'லொலிடா'வில் செல்லர்ஸ் க்வில்டி என்ற எழுத்தாளர். ஒரு மாநாட்டுக்கு வந்த போலீஸ்காரர் போல நடித்து, ஹோட்டல் தாழ்வாரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயகனாக வரும் ஜேம்ஸ் மேசனிடம் பேசிக்கொண்டே போகும் காட்சி ஒன்று இருக்கிறது. சொல்வதெல்லாம் மரியாதையான வார்த்தை, ஆனால் மேசனுக்கு வியர்க்கிறது. அடுத்து 1964-இன் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்', அணுப்போரைக் கேலி செய்யும் படம். இதில் மூன்று வேடம்: விமானப் படை அதிகாரி மேண்ட்ரேக், அமெரிக்க அதிபர் மஃப்ளி, சக்கர நாற்காலி விஞ்ஞானி ஸ்ட்ரேஞ்ச்லவ். ரசிகர்கள் எப்போதும் ஸ்ட்ரேஞ்ச்லவ்வைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அடங்காத வலது கை, கறுப்புக் கையுறை, நாஜி சல்யூட் எல்லாம் மறக்க முடியாதவைதான். சோவியத் தூதராக வரும் பீட்டர் புல் அந்தக் காட்சியில் பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பது படத்திலேயே பதிவாகியிருக்கிறது, அடுத்தமுறை பார்க்கும்போது அவர் வாயோரத்தைக் கவனியுங்கள். ஆனால் நடிப்பு என்று பார்த்தால் மூன்றில் எனக்கு முதலிடம் மஃப்ளி.

அதிபர் மாஸ்கோவுக்கு ஃபோன் செய்யும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் சோவியத் தலைவர் திமித்ரி குடித்திருக்கிறார், பாட்டுச் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் செல்லர்ஸின் பதில்களிலிருந்து மட்டுமே நமக்குத் தெரிகிறது. திமித்ரியின் குரல் ஒருமுறைகூட வருவதில்லை. இந்த மாதிரி ஒருவழிப் பேச்சில் புதிய நடிகர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: எதிராளி பேசுவதற்கான இடைவெளியைச் சமமாக விடுவார்கள், கேட்பதே இல்லை, தன் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்கள். செல்லர்ஸின் இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு நீளம். சில இடத்தில் பாதி வாக்கியத்தில் குறுக்கிடப்பட்டு நிற்கிறார், சில இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டதால் பின்வாங்குகிறார். உலகம் அழியப்போகிற சேதியைச் சொல்லவேண்டிய மனிதர், மனம் கோணிய உறவினரைச் சமாதானம் செய்யும் குரலில் "எனக்கும் வருத்தம்தான் திமித்ரி, உன்னளவுக்கு எனக்கும் வருத்தப்படத் தெரியும்" என்கிறார். முதலில் மஃப்ளியைச் சளி பிடித்து மூக்குறிஞ்சும் ஆளாக செல்லர்ஸ் செய்தார், படப்பிடிப்புத் தளமே சிரித்தது, கூப்ரிக் அதை நிறுத்திவிட்டு நேராக நடிக்கச் சொன்னார். சுற்றியிருக்கும் எல்லோரும் பைத்தியமாக இருக்கும் அறையில் ஒருவராவது பகுத்தறிவோடு இருக்க வேண்டும் என்று இயக்குநர் கணக்குப் போட்டார், அந்தக் கணக்குத்தான் காட்சியைக் காப்பாற்றியது. மேண்ட்ரேக்கும் லேசுப்பட்டதல்ல. பைத்தியம் பிடித்த ஜெனரல் துப்பாக்கிக்குத் தோட்டா ஊட்ட உதவிக்கு அழைக்கும்போது, காலில் உள்ள நரம்புக் கயிறு அறுந்துவிட்டது, வர முடியவில்லை என்று மரியாதையாகச் சாக்குச் சொல்கிறாரே, அந்த மரியாதைதான் அவருடைய பயம்.

இந்தப் படத்தைப் பற்றிப் பரவும் கதைகளில் எதை நம்பலாம் என்பதையும் சொல்லவேண்டும். பல கேமராக்களை வைத்து செல்லர்ஸின் உடனடிக் கற்பனைகளைப் படம் பிடித்தது உறுதி. நான்காவதாக விமானி மேஜர் காங் வேடமும் அவருக்கே இருந்தது, பிறகு ஸ்லிம் பிக்கென்ஸுக்குப் போனது, இதுவும் உறுதி. கணுக்கால் சுளுக்குத்தான் காரணமா, அல்லது டெக்சாஸ் உச்சரிப்பு பிடிபடாததால் சுளுக்கு வசதியாக வந்து சேர்ந்ததா என்பதில் இரண்டு தரப்பும் உண்டு. எதையும் அடித்துச் சொல்வதற்கில்லை. "படத்தின் பாதி வசனம் அவர் அங்கேயே இட்டுக்கட்டியது" என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அவர் தளத்தில் கண்டுபிடித்தவற்றில் நல்லதைப் பொறுக்கியவர் கூப்ரிக். பொறுக்குபவர் இல்லாத படங்களில் இதே இட்டுக்கட்டல் என்ன ஆனது என்பதற்குச் சான்றுகள் ஏராளம்.

இப்போது 'பிங்க் பேந்தர்' வரிசையில் நீங்கள் பார்த்த செல்லர்ஸின் பாத்திரம், இன்ஸ்பெக்டர் குளூசோ. முதல் 'பிங்க் பேந்தர்' 1963-இல் வந்தது. டேவிட் நிவென்தான் அதன் நட்சத்திரம். பீட்டர் உஸ்தினாவ் விலகியதால் கடைசி நேரத்தில் செல்லர்ஸ் வந்தார். நடிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது படமான 'எ ஷாட் இன் த டார்க்' பாருங்கள், 1964. வேலைக்காரர் கேட்டோவும் மேலதிகாரி டிரைஃபஸும் அறிமுகமாவது இதில்தான். பில்லியர்ட்ஸ் அறையில் ஜார்ஜ் சாண்டர்ஸுடன் வரும் காட்சியில் குச்சி ஸ்டாண்டை உருட்டிவிட்டு, அள்ளி வைக்க முயன்று, இன்னும் மோசமாக்கி, அதற்கிடையே விசாரணையையும் தொடர்கிறார். பொருள் விழுவது யாருக்கும் சிரிப்பு வரும். குளூசோவிடம் சிரிப்பு விழுந்த பிறகு வருகிறது: அரை நொடி நிதானம், கோட்டை இழுத்துவிடுதல், எதுவும் நடக்கவில்லை என்ற முகம், உடனே அடுத்த கேள்வி. இந்த ஆளுக்குக் கௌரவம் உயிர். தான் முட்டாள் என்று அவருக்கு ஒரு நொடி தோன்றினாலும் பாத்திரம் செத்துவிடும், அது தோன்றாமல் காப்பதுதான் நடிப்பு. 1975-இல் இருந்து வந்த தொடர்ச்சிகளில் உச்சரிப்பைத் திரித்துத் திரித்து மற்றவர்களுக்கே புரியாத அளவுக்குக் கொண்டுபோனார்கள். சிரிப்பு வரும், ஆனால் அந்தக் கௌரவம் போய் விளையாட்டுத்தனம் வந்துவிட்டது. இதய நோயால் உடம்பும் பழைய வேகத்தில் இல்லை. நீங்கள் பார்த்தவை இந்தப் பிற்காலத்தவை என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. 1982-இல் வந்த 'டிரெயில் ஆஃப் த பிங்க் பேந்தர்' அவர் இறந்தபின் வெட்டிப்போட்ட காட்சிகளை ஒட்டிச் செய்தது, அதை அவர் கணக்கில் சேர்க்கவே கூடாது.

1964 ஏப்ரலில் ஹாலிவுட்டில் அவருக்கு அடுத்தடுத்து மாரடைப்புகள் வந்தன. பில்லி வைல்டர் படத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. அதன் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் நிறையப் படம், கொஞ்சம் பலன். இதை நோயின் மேல் மட்டும் போடுவது சரியில்லை. பெரிய நட்சத்திரமான பிறகு அவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஆள் இல்லாமல் போனது, இயக்குநர்களோடு சண்டை அதிகரித்தது, 1967-இன் 'கசினோ ராயல்' படத்தை முடிக்காமலே போய்விட்டார். பல வேடம் போடுவதே ஒரு வியாபாரச் சரக்காக மாறியது. 1974-இன் ஒரு படத்தில் ஆறு வேடம் போட்டும் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. இந்தக் காலத்தில் பார்க்கத்தக்கது ஒன்றென்றால் 1973-இன் 'த ஆப்டிமிஸ்ட்ஸ் ஆஃப் நைன் எல்ம்ஸ்'. லண்டன் தெருவில் நாயோடு பாட்டுப் பாடிப் பிழைக்கும் பழைய மேடைக் கலைஞர் வேடம். அப்பா அம்மாவின் உலகம் அது. ஓசை குறைவாக, நிஜமாக நடித்திருக்கிறார்.

இந்தியப் பார்வையாளர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி 'த பார்ட்டி'யைப் பற்றியது. 1968-இல் 'பிங்க் பேந்தர்' இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் எடுத்தது; முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசி, ஹ்ருண்டி பக்ஷி என்ற இந்திய நடிகராக வருகிறார். எட்டு ஆண்டுக்கு முன்பே சோபியா லாரனோடு 'த மில்லியனரஸ்' படத்தில் டாக்டர் கபீராக இதைச் செய்தவர். பெர்னார்ட் ஷாவின் மூல நாடகத்தில் எகிப்தியராக இருந்த டாக்டரைப் படத்தில் இந்தியராக்கினார்கள். இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலை என்ற முறையில் 'த பார்ட்டி' கடினமான சாதனை: மெலிந்த பிரதி, பெரும்பகுதி தளத்திலேயே உருவானது, ஷூ தண்ணீரில் போவதிலிருந்து குளியலறைக் காகிதச் சுருள்வரை வசனமே இல்லாத நீண்ட காட்சிகள். வீட்டில் உள்ள அத்தனை பேரிலும் பண்பான மனிதர் பக்ஷிதான் என்பதும் உண்மை. ஆனால் முகச்சாயம் சாயம்தான்; அந்த உச்சரிப்பைப் பின்னால் எத்தனை இந்தியக் குழந்தைகள் வெளிநாட்டுப் பள்ளி மைதானங்களில் கேலியாகக் கேட்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சத்யஜித் ராய் 'த ஏலியன்' என்ற அறிவியல் கதைப் படத்தில் மார்வாரி வியாபாரியாக செல்லர்ஸை நடிக்க வைக்கத் திட்டமிட்டிருந்தார். கொழும்பில் வாழ்ந்த அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் தொடர்பால் வளர்ந்த திட்டம் அது. 'த பார்ட்டி'யில் பக்ஷி வளர்க்கும் குரங்குக்கு அப்பு என்று, ராயின் நாயகன் பெயரையே வைத்திருந்தார்கள். ராய்க்கு அது உறைத்தது. படமும் நடக்கவில்லை, வேறு பல காரணங்களாலும். ராயின் பிரதியும் கண்டிப்பும் கிடைத்திருந்தால் இந்தியப் பாத்திரத்தை உள்ளிருந்து செய்யும் ஒரு வாய்ப்பு செல்லர்ஸுக்குக் கிடைத்திருக்கும், அந்த இழப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

'பீயிங் தேர்' 1979 டிசம்பரில் வந்தது, ஹால் ஆஷ்பி இயக்கம், ஜெர்சி கொசின்ஸ்கியின் நாவல். செல்லர்ஸ் இதற்காகப் பல ஆண்டுகள் நாவலாசிரியரைத் துரத்தினார். சான்ஸ் என்ற தோட்டக்காரர். வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை. உலகம் என்றால் அவருக்கு டிவி. குரல்களால் ஆன நடிகர் இங்கே குரலிலிருந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டார்: ஊர் இல்லை, வர்க்கம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. இது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு பக்கத்தை அப்படிப் படித்துப் பாருங்கள், நாலாவது வரியில் இயந்திரம்போல் ஆகிவிடும். சான்ஸ் இயந்திரம் இல்லை, கேட்கிறார். தெருவில் இளைஞர்கள் கத்தியோடு சூழும்போது பாக்கெட்டிலிருந்து ரிமோட்டை எடுத்து அவர்களை நோக்கி அழுத்துகிறார். சேனல் மாறவில்லை. அந்த முகத்தில் பயம் இல்லை, லேசான ஏமாற்றம் மட்டும். டிவியில் அதிபர் இரண்டு கையாலும் கைகுலுக்குவதைப் பார்த்து அப்படியே செய்து பழகி, பிறகு அதே அதிபரை நேரில் சந்திக்கும்போது அதே குலுக்கலைக் கொடுக்கிறார். அதிபருக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. பார்த்ததைத் திருப்பிச் செய்து உலகின் அன்பைப் பெறும் ஒருவனை, வாழ்நாள் முழுவதும் பார்த்ததைத் திருப்பிச் செய்தே பெயர் பெற்றவர் நடிக்கிறார்.

அப்படியானால் ஏன் இதை முதலிடத்தில் வைக்கவில்லை? இந்தப் படத்தில் செல்லர்ஸின் வெறுமையை அர்த்தமாக்கும் வேலையில் பாதி ஆஷ்பியுடையது, கால்வாசி பணக்காரக் கிழவராக எதிரே நிற்கும் மெல்வின் டக்ளஸுடையது. சான்ஸின் முகத்தில் எதுவும் எழுதாமல் விட்டதை அவர்கள் நிரப்புகிறார்கள், டக்ளஸுக்கு அதற்காக ஆஸ்கரும் கிடைத்தது. கைட்டில் செல்லர்ஸ் எல்லாவற்றையும் தானே எழுதினார். இது தராசு நுனி வித்தியாசம்தான், 'பீயிங் தேர்' என்று நீங்கள் முடிவு செய்தால் சண்டை போட மாட்டேன். செல்லர்ஸுக்கு நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை இரண்டு முறை கிடைத்தது, ஸ்ட்ரேஞ்ச்லவ்வுக்கும் இதற்கும். முதல்முறை ரெக்ஸ் ஹாரிசனிடமும் இரண்டாம்முறை டஸ்டின் ஹாஃப்மனிடமும் தோற்றார். 'பீயிங் தேர்' படத்தின் இறுதி எழுத்துகளோடு அவர் சிரித்துச் சிரித்துச் சொதப்பிய காட்சித் துண்டுகளைச் சேர்த்ததுதான் விருதைக் கெடுத்தது என்று அவர் நம்பினார். அதை நிரூபிக்க வழியில்லை, ஆனால் அந்தத் துண்டுகள் படத்தின் கடைசி நிமிடம் தந்த மௌனத்தைக் கலைக்கின்றன என்பதில் அவர் பக்கம்தான் நியாயம்.

கடைசியாக, "அவருக்கென்று சொந்த ஆளுமையே இல்லை, அதனால்தான் யாராகவும் மாற முடிந்தது" என்ற பிரபலமான விளக்கம். இதைப் பரப்பியவர் அவரேதான். 1978-இல் மப்பெட் ஷோவில், இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்கலாம் என்று தவளைப் பொம்மை சொன்னதும், 'நான்' என்று ஒன்று முன்பு இருந்தது, அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டேன் என்று பதில் சொன்னார். நல்ல வரி. ஆனால் ஒரு நடிகரின் மனதை அவர் பேட்டிகளிலிருந்து நோய் கண்டுபிடிப்பதுபோல் கண்டுபிடிக்க எனக்குத் தகுதி இல்லை, எழுதுகிற பெரும்பாலோருக்கும் இல்லை. வீட்டில் அவர் பலரைக் காயப்படுத்தியது பதிவாகியிருக்கிறது. அதை நடிப்புக்கான விலை என்று நியாயப்படுத்துவதும், அதைக் காட்டி நடிப்பைக் குறைப்பதும் இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. திரையில் தெரிவது ஆளில்லாத வெறுமை அல்ல. மற்ற மனிதர்கள் மேல் அசாதாரணமான கவனம்.

நீங்கள் பார்ப்பதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்'. அடுத்து 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்', ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஃபோன் காட்சியை ஒருமுறை படத்தோடும், ஒருமுறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். மூன்றாவது 'எ ஷாட் இன் த டார்க்', இதில் பில்லியர்ட்ஸ் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், விழுவதற்கும் எழுவதற்கும் இடையிலுள்ள அந்த அரை நொடி பிடிபடும். பிறகு 'ஒன்லி டூ கேன் ப்ளே'. 'பீயிங் தேர்' கடைசி. அவருடைய மற்ற குரல்கள் காதில் இருந்தால்தான் அதில் எவ்வளவு கழித்திருக்கிறார் என்று தெரியும், முதலில் பார்த்தால் மந்தமான படமாகவே தோன்றும். எல்லாவற்றையும் ஆங்கில மூல ஒலியிலேயே பாருங்கள், டப்பிங்கில் இவரிடமிருந்து பாதி போய்விடும். துணைத் தலைப்பு வேண்டுமென்றால் முதல் தடவை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை எடுத்துவிடுங்கள். 'பீயிங் தேர்' முடிந்ததும், சொதப்பல் காட்சிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். 1980-இல் வந்த ஃபூ மன்சு படத்தை, அது அவருடைய கடைசிப் படம் என்ற ஆர்வத்தில் தேடிப் போக வேண்டாம்.